ஏரியில் கலக்கும் ரசாயனம் செடிகளை என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் அதைச் சுற்றியுள்ள ஏரிகளுக்கும் விடுமுறை நாட்களில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது சில வருடங்களாக என் வழக்கம். எல்லோரும் பறவை பார்க்கத்தான் வருகிறார்கள். பைனாகுலரை இறக்கிவிட்டுக் காலடியில் இருக்கும் செடிகளைப் பார்க்கச் சொன்னதும் கேள்விகள் கிளம்பும். தண்ணீர் பிடிக்கவில்லை என்றால் பறவை வேறு ஏரிக்குப் போய்விடும். செடி எங்கே போகும்? வருவதையெல்லாம் வேரால் உறிஞ்சிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும். அதனால் ஒரு நீர்நிலைக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நான் முதலில் செடியைத்தான் பார்ப்பேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஈரநிலச் செடிகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

தண்ணீரிலும் தண்ணீர் தேங்கிய சேற்றிலும் வாழப் பழகிய எல்லாச் செடிகளையும்தான். கரையோரம் ஆளுயரத்துக்கு நிற்கும் சம்பு, நாணல், கோரை. வேரைச் சேற்றில் ஊன்றி இலையை மிதக்கவிடும் அல்லி, தாமரை, கொட்டி. முழுக்க நீருக்குள்ளேயே இருக்கும் வேலம்பாசி. எங்கும் ஊன்றாமல் மிதந்துகொண்டே இருக்கும் ஆகாயத்தாமரை, அசோலா. கடலோரம் போனால் உமரியும் அலையாத்தி மரங்களும். நம் வயல் நெல்லும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

தண்ணீர் நிற்கும் சேற்றில் காற்று கிடையாது. அதனால் கரையோரச் செடிகள் இலையில் எடுத்த காற்றைத் தண்டு வழியாக வேருக்கு அனுப்புகின்றன. ஒரு சம்பு இலையை அடிப்பக்கத்தில் குறுக்கே வெட்டிப் பாருங்கள், ஸ்பாஞ்ச் மாதிரி அறை அறையாக இருக்கும். அதெல்லாம் காற்றுப் பாதை. ரசாயனம் செய்யும் கெடுதலில் பாதி இந்தப் பாதையின் மறுமுனையில், வேரில்தான் வந்து விடிகிறது.

ஏரி முழுக்கப் பச்சைப் பசேல் என்று இருக்கிறதே, செடிகளுக்குக் கெடுதல் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சாக்கடை கலக்கும் ஏரி பெரும்பாலும் மொட்டையாகிப் போவதில்லை. முன்பைவிட அடர்ந்த பச்சையாகத்தான் மாறும். ஆனால் அந்தப் பச்சையை நெருங்கிப் போய் எண்ணிப் பாருங்கள். 100 அடி நடந்தாலும் இரண்டே இரண்டு செடிகள் இருக்கும்: கரையில் சம்பு, நடுவில் ஆகாயத்தாமரை. முன்பு அங்கே இருந்த இருபது, முப்பது வகைகள் காணாமல் போயிருக்கும்.

வீட்டுச் சாக்கடையிலும் வயல் வடிகாலிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏராளம். ஏரியில் இயல்பாக இவை மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பங்குபோட்டு வாழப் பழகியவைதான் நம் பழைய நீர்ச்செடிகள். திடீரென்று சத்து கொட்டினால், அதை வேகமாக விழுங்கத் தெரிந்த செடி மட்டும் பெருகும். ஆகாயத்தாமரை நல்ல சத்து நீரில் ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அது மேலே பாய் விரித்ததும் கீழே வெளிச்சம் போகாது. முதலில் சாவது நீருக்குள் இருக்கும் வேலம்பாசி வகைகள். மிதக்கும் செடி இல்லாத ஏரியிலும் இதேதான் நடக்கும். நுண்பாசி பெருகித் தண்ணீரைப் பச்சை பெயிண்ட் மாதிரி ஆக்கி வெளிச்சத்தை மறைக்கும்.

உலகத்தில் நன்றாக ஆராயப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். அங்கே ஆதியில் பரந்து கிடந்தது ரம்பம் போன்ற விளிம்புள்ள ஒரு கோரை இனம். மேட்டிலிருந்த கரும்புத் தோட்டங்களின் பாஸ்பரஸ் கால்வாய் வழியே வந்தது. அது வந்த இடங்களில் கோரை ஒதுங்கி, சம்பு ஏறிக்கொண்டது. அந்த நிலத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பாஸ்பரஸ் வரம்பு லிட்டருக்கு வெறும் 10 மைக்ரோகிராம். ஒரு கிராமை 10 லட்சம் பங்காக்கி, அதில் 10 பங்கை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேலே போனாலே அங்கே செடிக் கூட்டம் மாற ஆரம்பித்துவிடுகிறது. நம் ஏரியில் விழும் சாக்கடையில் பாஸ்பரஸ் மில்லிகிராம் கணக்கில் இருக்கும், அதாவது பல நூறு மடங்கு.

சாக்கடை என்பது உரம்தானே? சம்பும் நாணலுமாவது நன்றாக இருக்குமே?

கொஞ்ச காலம் இருக்கும். அளவு மீறினால் அவற்றுக்கும் கஷ்டம்தான். நைட்ரஜன் அதிகமாகக் கிடைத்த நாணல் உயரமாக வளரும், ஆனால் தண்டில் உறுதி இருக்காது. காற்றடித்தால் சாயும், பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சுலபமாக இடம் கொடுக்கும். யூரியா கூடிப்போன நெல் படுத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான்.

அப்புறம், சாக்கடையில் வரும் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியாவாக வருகிறது. கொஞ்சமாக இருந்தால் செடி அதை விரும்பி எடுக்கும். அளவு கூடினால் அதுவே விஷம். உள்ளே வந்த அம்மோனியத்தைத் தேங்கவிடாமல் மாற்றுவதிலும் வெளியே தள்ளுவதிலும் செடியின் மாவுச்சத்தும் சக்தியும் போய்விடுகின்றன, வேர் குட்டையாகிறது. தண்ணீரில் காரத்தன்மை கூடினால் இன்னும் மோசம். நீருக்குள்ளேயே வாழும் மென்மையான செடிகள்தான் இதில் முதலில் அடிபடும். குப்பைமேட்டிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீரில் இந்த அம்மோனியா மிக அதிகம், கூடவே உப்பும் உலோகங்களும். பள்ளிக்கரணையின் ஓரத்திலேயே பெருங்குடி குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகளாக இருப்பதால், இது எங்களுக்கு ஏட்டுச் செய்தி இல்லை.

சேறு அழுகிய முட்டை மாதிரி நாறுகிறதே, அதற்கும் செடிக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. நான் வழக்கமாகச் செய்துகாட்டும் ஒன்றைச் சொல்கிறேன். தண்ணீர் ஓரளவு நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு கோரையை வேரோடு மெதுவாகப் பிடுங்கி, கழுவிப் பார்ப்போம். இளம் வேர்கள் வெள்ளையாக இருக்கும். கொஞ்சம் முற்றிய வேர்களின் மேல் துரு நிறத்தில், செங்கல் பொடி பூசியது போல ஒரு படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் கையில் ஒட்டும். அது இரும்பு. வேர் தன் காற்றில் கொஞ்சத்தை வெளியே கசியவிடுகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அந்தக் காற்றுப் பட்டுத் துருவாகி வேரைச் சுற்றிப் படிகிறது. ஆர்செனிக் போன்ற நஞ்சுகளில் ஒரு பங்கை இந்தத் துருப் படலம் பிடித்து நிறுத்திவிடும். செடி தனக்குத்தானே கட்டிக்கொண்ட வேலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கடை விழும் வாய்க்கால் பக்கம் அதே வகைக் கோரையைப் பிடுங்கினால், வேர் கறுப்பாக வரும். நுனிகள் மழுங்கி, பக்க வேர்கள் குறைந்து, தொட்டால் வழவழவென்று இருக்கும். நாற்றமும் அங்கேதான். கழிவு அழுகும்போது சேற்றில் மிச்சமிருக்கும் பிராணவாயு முழுக்கத் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு சில பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள சல்பேட்டை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளியே விடும். அழுகிய முட்டை வாடை அதுதான். வேர் மூச்சு விடுவதை அது நேரடியாகத் தடுக்கிறது. மூச்சு இல்லாத வேரால் சத்தை உறிஞ்ச முடியாது. அதனால்தான் சத்து நிரம்பி வழியும் தண்ணீரில் நின்றுகொண்டே சில செடிகள் பட்டினியால் மஞ்சளாகின்றன. வடிகால் இல்லாத வயலில் நெல் வேர் கறுத்துப் போவதைக் கண்ட விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள், ஓரிரு செடிக்கு மேல் பிடுங்கவும் வேண்டாம். பள்ளிக்கரணையின் பெரும் பகுதி பாதுகாக்கப்பட்ட வனநிலம், அங்கே எதையும் பிடுங்கக் கூடாது. நாங்கள் பார்ப்பது ஊர் ஏரிகளின் கரையில்.

ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் செடிக்குள் என்ன செய்கின்றன?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் கெடுக்கும். ஆனால் பலவற்றுக்கும் பொதுவான தந்திரம் ஆள்மாறாட்டம். செடிக்குத் துத்தநாகமும் இரும்பும் வேண்டும். அவற்றை உள்ளே கொண்டுவர வேரில் தனித்தனி வாசல்கள் உண்டு. காட்மியம் பார்க்கத் துத்தநாகம் மாதிரியே இருப்பதால் அதே வாசலில் நுழைந்துவிடும். உள்ளே போய் துத்தநாகம் உட்கார வேண்டிய நொதியில் தான் உட்கார்ந்துகொள்ளும், நொதி வேலை செய்யாது. ஆர்செனிக்கின் ஒரு வடிவம் பாஸ்பேட் வாசலில் வரும். இன்னொரு வடிவம், நெல் மணல்சத்தான சிலிக்காவை எடுக்கும் வாசலில் வரும். நெல்லில் ஆர்செனிக் சேருவது மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் பெரிய கவலையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விளைவு முதலில் தெரிவது வேரில். விதை பெரும்பாலும் முளைத்துவிடும், ஏனென்றால் விதைத்தோல் கொஞ்சம் காக்கும். முளைத்த வேர் நீளாது. பிறகு இளம் இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பச்சையம் செய்யத் தேவையான இரும்பு இலைக்குப் போய்ச் சேராததால் வரும் மஞ்சள் அது. ஈயம் அவ்வளவாக மேலே ஏறாது, பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். தாமிரம் செடிக்குக் கொஞ்சம் வேண்டும், கூடினால் கொல்லும். குளத்துப் பாசியை ஒழிக்க மயில்துத்தம் போடுவார்களே, அது தாமிர சல்பேட்தான்.

குரோமியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாலாற்றங்கரைக்காரர்கள் எல்லோரும் அதைக் கேட்பார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல். குரோமியம் இரண்டு வடிவங்களில் வரும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிறன் குரோமியம். அது மண்ணில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு எளிதில் செடிக்குள் போகாது. ஆறிணைதிறன் குரோமியம் வேறு ஜாதி. தண்ணீரில் கரைந்து ஓடும், மஞ்சளாகத் தெரியும், சல்பேட் வாசலில் வேருக்குள் நுழைந்து திசுக்களை எரிக்கும். காற்றில்லாத ஈரச் சேறு இந்த ஆறிணைதிறன் குரோமியத்தை மூன்றிணைதிறனாக மாற்றிவிடும். சதுப்பு நிலம் நமக்குச் செய்யும் பெரிய உதவிகளில் இது ஒன்று. சேறு காய்ந்து காற்றுப் பட்டால், அதிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் ஒரு பங்கை மறுபடி ஆறிணைதிறனாக மாற்றக்கூடும். கழிவு ஏறிய ஏரியைக் காயவிட்டுத் தோண்டுவதற்கு முன் சேற்றைச் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

சாயக்கழிவில் நிறம்தானே பிரச்சினை?

நிறம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பேசுகிறோம். நிறமும் வெளிச்சத்தை மறைத்து நீருக்குள் இருக்கும் செடியைக் கெடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றை நாசம் செய்ததில் முக்கியமானது உப்பு. துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாகப் போடுவார்கள். சாயத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்துவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் எடுக்க முடியாது. திருப்பூரின் கழிவு போய்ச் சேர்ந்தது நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில். பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அணை, சாயக்கழிவுத் தொட்டியாக மாறிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. துளிக் கழிவையும் வெளியே விடாமல் உப்பை மீட்டெடுக்கும் முறை அதன் பிறகுதான் அங்கே இறுகப் பிடித்தது.

நன்னீர்ச் செடி உப்பு நீரில் நிற்கும்போது, தண்ணீருக்குள் இருந்துகொண்டே தாகத்தில் வாடும். வேருக்கு வெளியே உப்பு கூடினால் தண்ணீர் உள்ளே வராது. இலை நுனி கருகும், புதுத் தளிர் சிறுக்கும். அல்லியும் கொட்டியும் சீக்கிரம் போகும். சம்பு ஓரளவு தாங்கும். உப்பு இன்னும் ஏறினால் அதுவும் குட்டையாகிவிடும், கடற்கரை உமரி உள்நாட்டில் தலைகாட்டும். வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும் உப்பில்கூட அதன் விதை முளைக்காது. அதனால் ஏரி இருபது வருடம் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். பழைய செடிகள் ஒவ்வொன்றாகச் சாகும்போதுதான், அடுத்த தலைமுறை வரவே இல்லை என்று நமக்கு உறைக்கும்.

வயலில் அடிக்கும் களைக்கொல்லி ஏரி வரை வருமா?

மழை பெய்தால் வரும். களைக்கொல்லி என்பதே செடியைக் கொல்லத் தயாரித்த பொருள். வயல் களைக்கும் ஏரி அல்லிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. நெல்லுக்கு அடிக்கும் 2,4-டி, செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கும். அகன்ற இலைச் செடிகள் முறுக்கிக்கொண்டு, தண்டு வெடித்துச் சாகும். புல் வகைகள் தப்பிக்கும். மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கும் அட்ரசின், இலையில் ஒளிச்சேர்க்கையை நிறுத்தும். ஐரோப்பிய ஒன்றியம் நிலத்தடி நீரில் கலப்பதைக் காரணம் காட்டி 2000-களின் தொடக்கத்திலேயே அதைக் கைவிட்டது, நம் நாட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

ஏரிக்கு வந்து சேரும்போது அளவு குறைந்திருக்கும். செடி சாகாது, வளர்ச்சி மட்டும் குறையும். பூ தள்ளிப்போகும், கிழங்கு சிறுக்கும். அந்த வருடம் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சோப்பு நுரையும் மருந்துக் கழிவும் கூடவா?

சோப்புத்தூளில் உள்ள நுரைப்பொருள், இலை மேல் உள்ள மெழுகைக் கரைக்கும். நீர் ஒட்டாத தாமரை இலையில் நீர் ஒட்ட ஆரம்பித்தால் அழுகலும் பின்னாலேயே வரும். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கிச் சாலை வரை வந்ததையும், அந்த ஏரி தீப்பிடித்ததையும் படித்திருப்பீர்கள்.

மருந்து விஷயம் எனக்கே முதலில் ஆச்சரியமாக இருந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் செடியை ஏன் பாதிக்க வேண்டும்? இலையில் பச்சையம் இருக்கும் கணிகம், ஆதியில் ஒரு பாக்டீரியாவாக இருந்து செடியின் உயிரணுவுக்குள் குடியேறியது. இன்றும் அதன் உள் எந்திரம் பாக்டீரியாவினுடையதைப் போலத்தான் வேலை செய்கிறது. அதனால் டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் அதையும் முடக்கும், இலை வெளுக்கும்.

எண்ணூரில் எண்ணெய் படிந்தபோது அலையாத்தி மரங்களுக்கு என்ன ஆயிற்று?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, கரை, மரம் எல்லாவற்றிலும் கறுப்புப் பூச்சு. அங்கே அதிகம் இருப்பது வெண்கண்டல். அதன் அடியில் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்ததுபோல நூற்றுக்கணக்கான மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியது போன்ற துளைகள். அலை இறங்கும்போது காற்று அவற்றின் வழியேதான் கீழே போகிறது. எண்ணெய் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், மரம் நின்ற இடத்திலேயே மூச்சு முட்டும். உடனே தெரியாது. சில வாரம், சில மாதம் கழித்து இலை மஞ்சளாகி உதிரும். பெரிய மரம் பிழைத்தாலும், அடியில் முளைத்த கன்றுகள் பிழைப்பது கடினம்.

மேலே படிந்ததைத் துடைத்தாலும் சேற்றுக்குள் இறங்கியது இருக்கும். அங்கே காற்று இல்லாததால் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். 1986-இல் பனாமாவில் கரைக்கு வந்த எண்ணெய், பல ஆண்டுகள் கழித்தும் அலையாத்திச் சேற்றிலிருந்து கசிந்துகொண்டிருந்தது பதிவாகியிருக்கிறது. எண்ணூருக்கு இதற்கு முன்பே அனல்மின் நிலையச் சாம்பல் என்ற சுமை இருந்தது. சாம்பல் படிந்து சேற்றின் மட்டம் உயர்ந்தால் அலை ஏற வேண்டிய இடத்தில் ஏறாது, மூச்சு வேரும் புதைந்துபோகும். ஏற்கெனவே தளர்ந்திருந்த காட்டின் மேல்தான் எண்ணெய் வந்து படிந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

செடிகளே தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும் என்கிறார்களே?

செய்யும், அளவோடு விட்டால். கல்வாழை, நாணல், சம்பு, வெட்டிவேர் எல்லாம் வேர்ப்படுகை முறையில், அதாவது செடி நட்ட சரளைப் படுகை வழியே நீரை ஓடவிட்டு, வீட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பயன்படுகின்றன. புதுச்சேரி அருகே ஆரோவில்லில் இப்படிப்பட்ட படுகைகள் பல வருடங்களாக ஓடுகின்றன. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம், நகரத்தின் சாக்கடையை வாங்கி மீனாகவும் காய்கறியாகவும் திருப்பிக் கொடுக்கிறது. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது 2002-இல் சேர்ந்தது. பள்ளிக்கரணை சேர்ந்தது 2022-இல், சுமார் 1,248 ஹெக்டேர்.

இதில் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. நைட்ரஜனில் ஒரு பங்கைச் சேற்று நுண்ணுயிர்கள் காற்றில் கலக்கவிட்டுவிடும். பாஸ்பரசுக்கும் உலோகத்துக்கும் அப்படி வெளியே போகும் வழி கிடையாது. செடி உறிஞ்சியதை அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் கணக்கில் குறையும். அறுக்காமல் விட்டால் இலை மடிந்து, அழுகி, அதே தண்ணீரில் திரும்பச் சேரும். உலோகம் பெரும்பாலும் வேரிலும் கிழங்கிலும் இருப்பதால் மேலே அறுப்பது மட்டும் போதாது. அறுத்ததை எங்கே போடுவது என்ற கேள்வியும் இருக்கிறது. தொழிற்சாலைக் கழிவு ஏறிய செடியை மாட்டுக்குப் போடுவதும் உரமாக்குவதும் விஷத்தை இடம் மாற்றுவதுதான். இயற்கையான ஏரியையே சுத்திகரிப்பு நிலையமாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதற்கென்று தனியாகப் படுகை கட்டட்டும், ஏரிக்கு வெளியே.

ஏரியில் வளரும் வள்ளைக்கீரையைப் பறித்துச் சமைக்கலாமா?

சாக்கடையோ தொழிற்சாலைக் கழிவோ கலக்கும் ஏரியில் வேண்டவே வேண்டாம். வள்ளைக்கீரை உலோகங்களை நன்றாக இழுத்து வைத்துக்கொள்ளும், தளதளவென்றும் இருக்கும். கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் உலோகம் முழுக்கப் போகாது.

ஆகாயத்தாமரையை வாரி எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

வாரி எடுப்பது நல்லதுதான். அதோடு கொஞ்சம் பாஸ்பரசும் வெளியே போகிறது, வெளிச்சமும் உள்ளே இறங்குகிறது. ஆனால் சாக்கடை வாயைத் திறந்தே வைத்துக்கொண்டு வாரினால், அடுத்த பருவத்தில் மறுபடி மூடிவிடும். தென்சென்னையில் ஒரு ஏரியில் பொக்லைன் வைத்து ஒரு மாதம் வாரினார்கள். நாங்களும் கூட நின்றோம். வாரியதைக் கரையிலேயே குவித்தார்கள். மழை வந்தது, அழுகிய சாறு திரும்ப ஏரிக்குள் இறங்கியது. பொங்கலுக்குள் பழைய கதைதான். குவியலை லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தாலாவது அந்த உழைப்பில் பாதி மிஞ்சியிருக்கும் என்று இன்றும் மனது அடித்துக்கொள்கிறது.

எங்கள் ஊர் ஏரியை நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா?

முழுச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் முதல் துப்பு உங்கள் கையிலேயே கிடைக்கும். ஆர்.ஓ. மெஷின் உள்ள வீடுகளில், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகைகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். ஏரியின் நாலு மூலையிலும், வாய்க்கால் விழும் இடத்திலும் தண்ணீர் எடுத்து அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் எண் எகிறினால் கழிவு அங்கேதான் நுழைகிறது. குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். ஏரிக்கு அதே அளவு பொருந்தாது, இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்.

இன்னொன்று, பள்ளிப் பிள்ளைகளோடு நாங்கள் செய்வது. குளத்தில் மிளகளவு பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் லெம்னா என்ற குட்டிச் செடி இருக்கும். உலகமெங்கும் ஆய்வகங்களில் ரசாயனங்களின் நஞ்சைச் சோதிக்க இதைத்தான் 7 நாள் வளர்த்து எண்ணுகிறார்கள். நாலு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் மழைநீரோடு ஒரு சிட்டிகை மக்கிய உரம், ஒன்றில் ஏரித் தண்ணீர், ஒன்றில் வாய்க்கால் தண்ணீர், ஒன்றில் முதல் டம்ளரைப் போலவே கலந்து ஒரு சொட்டு சோப்புக் கரைசல். ஒவ்வொன்றிலும் எண்ணிப் பத்து இலை விடுங்கள். வெயில் நேராகப் படாத, வெளிச்சமுள்ள ஜன்னல் ஓரத்தில் வைத்து ஏழாம் நாள் எண்ணுங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது, நிறத்தையும் வேர் நீளத்தையும் பாருங்கள். ஒருமுறை வாய்க்கால் டம்ளரில் இலை முப்பதைத் தாண்டியிருந்தது. "இதுதான் நல்ல தண்ணி" என்று ஒரு பையன் குதித்தான். டம்ளரைத் தூக்கி அடியிலிருந்து பார்க்கச் சொன்னேன். மழைநீர் டம்ளரில் வேர்கள் நூல் மாதிரி தொங்கின. வாய்க்கால் டம்ளரில் வேர் அரை விரற்கடைகூட இல்லை. சத்து எளிதாகக் கிடைக்கும் தண்ணீரில் லெம்னா வேரை நீட்ட மாட்டாது, உலோகம் இருந்தாலும் வேர் குட்டையாகும். இரண்டில் எது என்று டம்ளர் சொல்லாது. ஆனால் அந்தத் தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்பதை அந்தப் பையனுக்கு அது காட்டிவிட்டது.

மாசு நின்றுவிட்டால் பழைய செடிகள் திரும்ப வருமா?

வரும், ஆனால் நாம் நினைக்கும் வேகத்தில் வராது. சாக்கடையை நிறுத்தினாலும் பல வருடப் பாஸ்பரஸ் சேற்றில் படிந்திருக்கும். கோடையில் அடிச்சேற்றில் பிராணவாயு தீரும்போது அது மெல்ல மேலே வந்துகொண்டே இருக்கும். உப்பு நல்ல மழையில் சீக்கிரம் அலசிப் போகும். உலோகம் அங்கேயே கிடக்கும்.

நம்பிக்கை தருவது விதைகள்தான். நீர்ச்செடிகளின் விதை சேற்றுக்குள் நீண்ட காலம் தூங்கும். சீனாவின் வடகிழக்கே வறண்டுபோன ஓர் ஏரிப்படுகையில் எடுத்த தாமரை விதை, ஏறத்தாழ 1,300 வருடங்களுக்குப் பிறகு முளைத்தது. எல்லாச் செடிக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது. கிழங்கில் வாழும் கொட்டி போன்றவை ஒருமுறை சேற்றோடு அழுகிவிட்டால், வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். குளம் வற்றினாலும் விட்டுப்போகாத செடிகள் என்று சின்ன வயதில் பாட்டில் படித்தோமே, அந்தக் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் இன்று செங்கல்பட்டுப் பக்கம் சில கோயில் குளங்களிலும் ஊருக்கு ஒதுங்கிய குட்டைகளிலும்தான் எங்களுக்குக் கிடைக்கின்றன. கேட்டு வாங்கிவந்து சிமெண்டுத் தொட்டிகளில் வளர்க்கிறோம். வாய்க்கால் திருத்திய ஏரிகளில், ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறி, சோதனை டம்ளரில் வேர் நன்றாக நீண்டால் மட்டும் கொண்டுபோய் ஊன்றுவோம். உங்கள் வீட்டில் இரண்டடி ஆழத்தில் ஒரு தொட்டியும் அரை நாள் வெயிலும் இருந்தால் ஒரு கிழங்கு வாங்கிப் போய் வளருங்கள். ஏரி தயாரானதும் அதன் குட்டிக் கிழங்குகளைத் திருப்பிக் கேட்போம்.